மச்சினன் பிடித்த கயிறு

சங்கு குளிக்க முங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க, அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் தோணியில் உட்காருவான். ஏன் என்று புன்னைக்காயலில் கேட்டால் சிரிப்பார்கள். அக்காள் தாலி அறுக்கக்கூடாதே என்று உயிரைக் கொடுத்துத் தூக்குவானாம். தனராஜும் ஆறு வருஷமாக மச்சான் ரோச்சை அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தான். தோள் நல்ல தோள். சுபாவம்தான் கொஞ்சம் பயந்த சுபாவம், அதிலும் அக்காள் கிரேசி என்றால் கூடுதல் பயம்.

அந்த வருஷம் சனியன் சீட்டு ரூபத்தில் வந்தது. முந்தின பருவத்தில் ஒருத்தன் காதில் ரத்தம் கொட்டித் தோணியிலேயே மயங்கிவிட்டான். தோணிக்காரர் மிரண்டுபோய், "மிஷன் டாக்டரம்மா காது பாத்துச் சீட்டு குடுத்தாத்தான் என் தோணியில கால் வைக்கணும்" என்று சொல்லிவிட்டார். ரோச்சுக்கோ வலது காது போயே போச்சு. இடது காதில் பாதிதான் மிச்சம், அதிலும் சீழ். ஆனால் மனுஷனுக்குக் கடலைத் தவிர வேறென்ன தெரியும்?

"சீட்டு இல்லன்னா எனக்கும் பொழப்பு இல்ல, ஒனக்கும் இல்லலே மாப்பிள" என்று சொல்லி அவன் போட்டான் பாருங்கள் ஒரு திட்டம்!

டாக்டரம்மா வெள்ளைக்காரி. யுத்த காலம், பெட்ரோல் ஏது? பனங்காட்டு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து மாசம் ஒரு தடவை மாட்டு வண்டியில் மருந்துப்பெட்டியோடு வருவார். வேதப்புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்தவர், வயிற்றுப்போக்குக்காரனிடம்கூட "மகனே, கலங்காதிரும்" என்றுதான் ஆரம்பிப்பார். காதுச் சோதனையும் லேசுதான். முக்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு எண்ணை மெதுவாகச் சொல்வார். உட்கார்ந்தவன் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும்.

ரோச்சின் கால் கட்டைவிரலில் தூண்டில் கயிறு. அது மணலுக்கடியில் ஓடி, நாலு முழம் தள்ளி வேடிக்கை பார்ப்பவன் மாதிரி உட்கார்ந்திருக்கும் தனராஜின் கைக்கு வரும். அம்மா நாலு என்றால் நாலு இழுப்பு. அவ்வளவுதான் திட்டம்.

கிரேசி முந்தின நாளே மோப்பம் பிடித்துவிட்டாள். "ஏலே, அந்த மனுஷன் தலவாணிய நாந்தான துவைக்கேன். இந்த வருஷம் எறங்குனா வெறுங் கயிறுதாம்லே மேல வரும். இழுக்கதப் பாத்து இழு" என்று தம்பி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காள் அழுது தனராஜ் பார்த்ததே இல்லை. அடித்துத்தான் பார்த்திருக்கிறான்.

மறுநாள் மாதா கோயில் முற்றம். ரோச் முக்காலியில் ஏறினான்.

"மூன்று" என்றார் டாக்டரம்மா. மூன்று இழுப்பு.

"மூணு!" ஊருக்கே கேட்கக் கத்தினான் ரோச்.

"ஏழு."

"ஏழு!"

"மகனே, நான் செவிடி அல்ல" என்றார் டாக்டரம்மா. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஐந்து."

தனராஜ் கயிற்றை விரலில் சுற்றினான். இன்னும் ஒரு தடவை சரியாகச் சொன்னால் சீட்டு கைக்கு வந்துவிடும். அப்போதுதான் மச்சானின் இடது காதிலிருந்து ஒரு சொட்டு சீழ் தாடையில் வழிவதைப் பார்த்தான். அதுகூடத் தெரியாமல் ஜெயித்துவிட்ட மாதிரி இளித்துக்கொண்டிருந்தான் அந்தப் பாவி. தனராஜ் அஞ்சு வரை எண்ணவில்லை. படபடவென்று இழுத்தான்.

கடலில் மேலேயிருந்து படபடவென்று இழுத்தால் சுறா வருகிறது, ஓடி வா என்று அர்த்தம். "சேசுவே!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எம்பினான் ரோச். கால் கயிறு விடுமா? டாக்டரம்மா காலடியில் தொபுக்கென்று குப்புற விழுந்தான்.

டாக்டரம்மா குனிந்து, கட்டைவிரலில் தொடங்கி மணலுக்குள்ளிருந்து கயிற்றை உருவிக்கொண்டே தனராஜ் வரைக்கும் வந்தார். முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

"துரோகிப் பயலே! நம்பித்தானல கயித்த ஒங் கையில குடுத்தேன்!" என்று குதித்தான் ரோச்.

தனராஜ் எழுந்துபோய் மச்சானின் இடது காதருகே வாயை வைத்துக் கத்தினான். "எதுக்குக் குடுத்தீய? ஆபத்துன்னா மேல தூக்கத்தான மச்சான் குடுத்தீய? தூக்கிட்டேன்!"

சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டரம்மா விளக்கடித்துக் காதுக்குள் வெகுநேரம் பார்த்தார். கழுவினார், பஞ்சு வைத்தார். பிறகு சொன்னார்: "ஒரு வருஷம் இவர் முங்கலாகாது. கயிறு பிடிக்கலாம். அதற்குக் காது வேண்டியதில்லை என்று இன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்." சொல்லிவிட்டுத் தனராஜ் பக்கம் திரும்பினார். "நீர் வந்து முக்காலியில் உட்காரும்."

அவன் காது இரண்டும் முதல் தரம். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் தனராஜ் முதல் தடவையாகக் கடலின் அடியில் நின்றான். கையில் இரண்டு சங்கு, நெஞ்சில் மூச்சு இல்லை. கயிறு மச்சான் கையில். "எந்தம்பி இல்லாமத் தனியா வந்தீயன்னா வீட்டுக் கதவு தொறக்காது" என்று கிரேசி புருஷனிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். தனராஜ் தூக்கச் சொல்லி இழுத்தான். பதிலுக்கு மேலேயிருந்து இழுப்பு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு. அன்றைக்கு அவன் இழுக்காமல் விட்ட அதே அஞ்சு! அட சண்டாளா, இதுவா நேரம் என்று நினைப்பதற்குள், கடலே பிய்ந்துபோகிற வேகத்தில் மேலே போனான்.

தலை வெளியே வந்தது. மச்சான் கயிற்றை விடாமலே இன்னொரு கையால் அவன் தலைமயிரைப் பற்றித் தோணியோடு சேர்த்துக்கொண்டான். பிறகு அந்த மனுஷன் பஞ்சு வைத்த இடது காதைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்துக் கேட்டான்.

"எத்தன மாப்பிள?"

"அஞ்சு மச்சான், அஞ்சு!" ஊருக்கே கேட்கக் கத்தினான் தனராஜ்.