அளவு மூன்று

1.

இந்தக் கதை ஒரு சோடி சப்பாத்தைத் தோய்த்த இடத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்திய தொடக்கங்கள் எல்லாம் கைவிடப்பட்டன. ஒன்று மட்டும் இங்கே கிடக்கட்டும்:

'மாரி பிந்திய அந்த ஆண்டில் நான் என் தங்கையை—'

'நான்' என்று போட்டதும் எழுதுபவளின் கை நின்றுவிட்டது. ஆகவே அவளுக்கு ஆரபி என்று பெயர் வைத்து, சற்றுத் தள்ளி நின்று எழுதுவதாக ஏற்பாடு. ஆரபிக்கு இதில் ஆட்சேபணை இல்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், அரியாலையில், தங்கை தர்சிகா பயிற்சிக்குப் போடும் தன்னுடைய வெள்ளைச் சப்பாத்துகளைக் கிணற்றடியில் உரஞ்சித் தோய்த்து மதிலில் கவிழ்த்து வைத்தாள்.

"மழை வந்தால் எடுத்து வையக்கா."

"உன்ரை சப்பாத்து. நீ எடு."

"தூக்கிறது உன்ரை வேலை. ஏறுறது மட்டும்தான் என்ரை வேலை."

அன்றைக்கே காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் இல்லை.

[இந்த இடத்தில் சில பந்திகள் இருந்தன. நன்றாக எழுதப்பட்டிருந்தபடியால் நீக்கப்பட்டன.]

2.

சியர்லீடிங் என்றதும் கிரிக்கெட் எல்லைக்கோட்டருகே ஆடுவதுதான் பலருக்கு நினைவு வரும். பரமலிங்கம் மாமாவுக்கும் அதுவே வந்தது. கோபத்தில் கொஞ்சக் காலம் வீட்டுப் பக்கமே வரவில்லை. இது வேறு. ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி நிறுத்த வேண்டும். நடுவர்கள் பார்த்துப் புள்ளி போடுவார்கள். இரண்டாம் படிநிலையில் அவள் ஒற்றைக்காலில் நிற்பது தூக்குபவர்களின் தோளளவில். மூன்றாம் படிநிலையில், அவர்கள் கைகளை முழுதாக நீட்ட, தலைகளுக்கு மேலே. அரியாலை அணி இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறுவதற்கான பரீட்சை தை மாதத்தில் இருந்தது.

ஏறுபவள் தர்சிகா. பாதத்தைப் பிடிப்பவள் ஆரபி: ஒரு கை குதிக்காலுக்கு, மற்றக் கை விரல் பக்கத்துக்கு. இரண்டு கைகளுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பயிற்சிப் பாட்டு, தூக்கவேண்டிய இடத்துக்கு வந்ததும் கைகள் தாமாகவே அவ்வளவுக்கு விரியும். தர்சிகாவின் சப்பாத்து அளவு மூன்று.

3.

இங்கே தர்சிகாவின் முகத்தை எழுத வேண்டும். பயிற்சியில் தலைக்கு மேலே முதன்முதலாக அவள் நின்றபோது அந்த முகம்—

அந்த முகத்தில் ஒரு—

[இரண்டும் பொய். ஆரபி அந்த முகத்தைப் பார்த்ததில்லை.]

மேலே நிற்பவள் நேரே நடுவர்களைப் பார்ப்பாள். கீழே நிற்பவளுக்கு அகப்படுவது சப்பாத்தின் அடி, முழங்கால், தாடையின் கீழ்ப்பக்கம். வீடியோ ஒன்று இருக்கிறது. எடுத்தவர் மாமா, அதற்குள் அவர் சமாதானமாகியிருந்தார். அதில் தங்கை இடுப்போடு முடிகிறாள். ஆரபியின் முகம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

விசாரித்ததில், சிரித்துக்கொண்டு நின்றாள் என்றார் அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் என்றார் பயிற்றுநர் அற்புதராணி ரீச்சர். கொட்டாவி விட்டாள் என்றார் மாமா.

ஆகவே இந்தக் கதையில் முகம் இல்லை. பாதம் மட்டுமே.

4.

பரீட்சை சாவுத் துடக்குக்குள் வந்தது. முப்பத்தோராம் நாள் கழியும்வரை வீட்டார் கோயிலுக்குப் போவதில்லை. சியர்லீடிங்குக்குப் போகலாமா என்று முன்னோர் எவரும் யோசித்து வைத்திருக்கவில்லை. ரீச்சர் வந்து கதிரை நுனியில் இருந்தார்.

"ஆரபி இல்லையெண்டால் ஆக்கள் காணாது. அணி இரண்டிலைதான் நிக்கும். ஆனால் நான் கேக்கேல்லை."

"கேக்கத்தானே வந்தனீங்கள்?" என்றார் அம்மா ஞானாம்பிகை.

"ஓம்."

"கோயிலுக்குத்தானே போகக்கூடாது. உது மண்டபம்."

மாமா விடவில்லை. "துடக்குக்காறியின்ரை கையிலை ஆர் ஏறுவினம்?"

"நான் ஏறுறன்." ரீச்சரோடு வந்து வாசலில் நின்ற குருநகர்ப் பிரியந்தினி சொன்னாள். தர்சிகாவின் இடத்துக்கு அவளைத்தான் போட்டிருந்தார்கள். "நாங்கள் வேதக்காரர், மாமா, சேர்ச்சுக்குப் போறாக்கள். எங்களுக்கு உது இல்லை."

"எண்டாலும் கால் படுமெல்லோ?"

"சப்பாத்துத்தான் படும்."

மாமா யோசித்தார். சமய விவகாரங்களில் அவருக்குச் சப்பாத்து போதுமானதாக இருந்தது.

5.

பிரியந்தினியின் சப்பாத்து அளவு ஐந்து.

முதற் பயிற்சியில் ஆரபியின் கைகள் மூன்றுக்கு விரிந்தன. குதி வெளியே தொங்கியது. பிரியந்தினி, பின்னால் காவல் நின்ற ரீச்சருக்கு மேலே வந்து இறங்கினாள். மறுநாளும் அப்படியே.

"அகட்டிப் பிடி, பிள்ளை! நான் மெத்தை இல்லை!"

பாட்டில்லாமல் செய்தபோது சரியாக வந்தது. பாட்டுப் போட்டதும் கைகள் மூன்றுக்குத் திரும்பின.

தண்ணீர் குடிக்கும்போது பிரியந்தினி பக்கத்தில் வந்து இருந்தாள். "ஆரபியக்கா, நான் அவளின்ரை சப்பாத்தைப் போடட்டோ? அண்டைக்கு மட்டும்."

"கடிக்கும்."

"கடிச்சால் கடிக்கட்டும்."

"கால் விறைச்சு விழுவாய். பிறகு நான்தான் ஏந்தவேணும்."

"ஏந்துவியளோ?"

"அது என்ரை வேலை."

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு ஆரபி சொன்னாள்: "அகட்டத் தெரியாமல் இல்லை. கை அஞ்சுக்குப் பழகினால் மூண்டு மறந்துபோகும். அவளின்ரையெண்டு என்னட்டை வேறை ஒண்டும் இல்லை."

பிரியந்தினி போத்தல் மூடியைத் திருகினாள். மூடி இறுகிய பின்பும் திருகிக்கொண்டிருந்தாள்.

[கதையில் ஆகவும் கற்பனை போலத் தோன்றுவது இந்த உரையாடல். இதில் ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை.]

6.

பரீட்சை நாள். மண்டபம், நடுவர்கள், பாட்டு. எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) கைகள் ஐந்துக்கு விரிகின்றன. பிரியந்தினி மேலே நிற்கிறாள். அணி மூன்றாம் படிநிலைக்கு ஏறுகிறது. ரீச்சர் அழுகிறார். வீட்டுக்கு வந்த ஆரபி கைகளை மூன்றுக்கு விரித்துப் பார்க்கிறாள். எது மூன்று என்று தெரியவில்லை.

ஆ) கைகள் மூன்றுக்கு விரிகின்றன. பிரியந்தினி சரிகிறாள். ஆரபி ஏந்திவிடுகிறாள். யாருக்கும் காயமில்லை. அணி இரண்டிலேயே நிற்கிறது. பிரியந்தினி 'பரவாயில்லை அக்கா' என்கிறாள், பரவாயில்லை என்ற முகம் இல்லாமல்.

இ) மேலே நிற்பவள் கீழே குனிந்து பார்க்கிறாள். அந்த முகம்—

[நீக்கப்படுகிறது. கீழே பார்ப்பவள் விழுந்துவிடுவாள்.]

எது நடந்தது என்று எழுதுபவளுக்குத் தெரியும். மண்டபத்துச் சுவரில் மூன்றாம் படிநிலைச் சான்றிதழ் தொங்குகிறதா என்று எட்டிப் பார்த்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும். அதற்கு முன் ஒரு வேலை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால், உள்ளங்கை மேலே பார்க்க, வையுங்கள். பாட்டு அந்த இடத்துக்கு வருகிறது. பிரியந்தினி காலைத் தூக்கிவிட்டாள். உங்களை நம்பித்தான் தூக்கியிருக்கிறாள். எவ்வளவுக்கு விரிப்பது என்று நீங்களே பாருங்கள்.

சப்பாத்து மதிலில் கவிழ்த்தபடியே இருக்கிறது. நனைந்தது, காய்ந்தது, திரும்பவும் நனைந்தது. அடியில் பொறித்திருக்கும் அளவு மூன்று.