எங்கள் பள்ளிக்கு வால் இல்லை

மனித குலத்தின் எழுத்து வரலாறு ஒரு வெள்ளிக்கிழமை, காலைக் கூட்டம் முடிந்த கையோடு, இரண்டாகப் பிளந்தது என்பதை அனைவரும் அறியக் கடவர். அன்றுதான் ஒரு தொடக்கப் பள்ளியில் 'எழுத்துச் சிற்பி' என்ற மென்பொருள் இறங்கியது. பிள்ளைகள் டேப்லெட்டில் கட்டுரை எழுதுவார்கள். இணையத்தின் வழியே அது பிழை திருத்தும், மதிப்பெண்ணும் போடும். பென்சில் என்ற கற்காலக் கருவி ஒழிந்தது என்று முழங்கினார் தலைமையாசிரியர். மைக்கைக் கண்டால் ஊதிப் பார்க்காமல் நகர மாட்டார். 'ஹலோ ஹலோ' என்பது பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. வாயைத் திறக்க மாட்டாள், ஊமைக்கோட்டான் என்பார்கள். கட்டுரை என்றால் இரண்டு வரியோடு படுத்துவிடுகிறவள், அன்று ஒரு பக்கம் எழுதிவிட்டாள். வகுப்புச் சுவரில் இருக்கும் பல்லியைப் பற்றி. டீச்சர் பின்னால் நின்று படித்தார். பிள்ளைகள் கட்டுரையைப் படிக்கையில் அவருக்குக் கொட்டாவி வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. "இனிமே நீ எழுதிடுவடி தங்கம்" என்றார்.

சிறுமி பொத்தானை அழுத்தினாள். பிள்ளைகள் ல, ள குழப்புவார்கள் என்று சிற்பிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது பல்லியை எல்லாம் பள்ளியாக்கி, தலைமையாசிரியருக்கு அனுப்பியது. அவர் அதைப் படித்துப் பார்க்காமலே, சிற்பியின் சாதனையைக் காண அன்று மாலை மேலதிகாரிகள் கூடியிருந்த சபையில், மைக் பிடித்து வாசித்தார்:

"எங்கள் பள்ளிக்கு வால் இல்லை. நாள் முழுக்கச் சும்மா இருக்கும். யாராவது வந்தால் மட்டும் ஓடும். எங்கள் பள்ளி எப்போது தலையில் விழுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடிக்கும்."

முன்வரிசையில் ஓர் அதிகாரி சிரித்தார். பக்கத்திலிருந்த பெரிய அதிகாரி சிரிக்காததைக் கண்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் விசாரணை.

"ஏம்மா, யாரு சொல்லிக்குடுத்து எழுதின?" என்றார் தலைமையாசிரியர்.

"சார், அது பல்லி சார். சுவத்துல ஓடுமே, அது. மிஷின் மாத்திடுச்சு."

"மிஷின் எதுக்கும்மா மாத்தப்போகுது? அதுக்கென்ன என்மேல பகையா?"

டீச்சர் மென்பொருள்காரனுக்கு போன் போட்டார். "எத்தனை எடத்துல மேடம் மாறியிருக்கு?" என்று கேட்டான் அவன்.

"எல்லா எடத்துலயும் தம்பி."

"பாத்தீங்களா, எல்லா எடத்துலயும் தப்பு! பாப்பாவுக்கு ல, ள பயிற்சி குடுங்க."

"நான் கையால எழுதித் தரேன் டீச்சர்" என்றாள் சிறுமி. ஹலோ ஹலோ விடவில்லை. மன்னிப்புக் கடிதமும் சிற்பியில்தான். அதிகாரிகள் பார்க்க வேண்டுமே. அவள் தடவித் தடவித் தட்டினாள்: "நான் எழுதியது பல்லியைப் பற்றித்தான்." பொத்தானை அழுத்தினாள்.

"நான் எழுதியது பள்ளியைப் பற்றித்தான்" என்றது திரை.

"திமிரப் பாத்தீங்களா!" என்று குதித்தார் தலைமையாசிரியர். "டீச்சர், அடுத்த வருஷம் உங்களுக்கு இங்க வேலை வேணுமா, வேணாமா?"

டீச்சருக்கு வேண்டும். வகுப்புக்குத் திரும்பும்போது சிறுமியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "விட்ரும்மா. எல்லாரும் எழுதறதையே நீயும் எழுதிட்டுப் போ."

அடுத்த வாரத் தலைப்பு, பசு. "பசு பால் தரும்" என்று எழுதினாள்.

நூற்றுக்கு நூறு.