மெரேயின் கடைசி செமஸ்டர்

பல்கலைக்கழகத்துக்கு மெரே கட்ட வேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு டாலர். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் கடைசி செமஸ்டருக்குப் பெயர் பதிய முடியாது. தீவு நாட்டுத் தலைநகரான சுவாவின் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் அவளுடைய அப்பா தைத்துசி புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறார். வேதியியல் கட்டடத்தைச் சுற்றி வரும்போது மட்டும் வண்டியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். உள்ளே வகுப்பு நடக்கிறதோ இல்லையோ, மகள் படிக்கிற இடத்துக்கு அது ஒரு மரியாதை.

அந்தக் கடன் சோம்பலில் வந்ததில்லை. அம்மா வேனியானா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் மெரே கட்டிலோரமே இருந்தாள். ஒரு பாடம் போயிற்று. பாடம் போனதும் அரசாங்கம் கொடுத்துவந்த உதவிப்பணமும் போயிற்று. கடைசியில் வேனியானாவும் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அப்பனும் மகளுமாகச் சேர்த்தார்கள். சனிக்கிழமைகளில் அவர் பெரிய வீடுகளில் வேலிச்செடி வெட்டினார். அவள் விடியலில் எழுந்து ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி, நூலக வாசலில் பொட்டலம் பொட்டலமாக விற்றாள். புதன்கிழமை மத்தியானம் தொகை நிறைந்தது. பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்கள்.

கூட வேலை செய்யும் லெப்பானிக்கு விஷயம் தெரிந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன மச்சான், அடுத்த வருஷம் நீ வண்டியில ஏறுவியா, இல்ல உன்ன நாற்காலியில வச்சு நாங்க தூக்கணுமா? பட்டதாரியோட அப்பன் ஆச்சே!"

"முதல்ல உன் பக்கத்துப் புல்ல ஒழுங்கா வெட்டுடா. ஆடு மேஞ்ச மாதிரி வச்சிருக்க."

"அந்த ஆடே இங்க படிச்சுட்டுப் போனதுதான் மச்சான்!"

தைத்துசி அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்.

சாயங்காலம் வேனியானாவின் அண்ணன் வாட்டிசோனி வந்தார். கந்தவுத் தீவுக்காரர். கூட ஊர்ப்பெரியவர் இருவர். வந்ததும் பாயில் உட்கார்ந்து, ஒரு திமிங்கிலப் பல்லை நடுவில் வைத்தார்.

"மச்சான், என் வீட்டுக்காரி இன்னைக்குக் காலையில போயிட்டா. பிண அறையில கிடக்கா. ஊருக்குக் கொண்டுபோகப் படகு பேசணும், மாடு வாங்கணும். எங்கிட்ட ஒண்ணுமில்ல. உன்ன நம்பித்தான் வந்திருக்கேன்."

அவர்கள் வழக்கப்படி, அந்தப் பல்லைக் கையில் எடுத்தால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டால் உறவு அத்தோடு அறுந்தது. வேனியானாவைப் புதைத்த அன்று இரண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து ஊருக்கே சாப்பாடு போட்டவர் இதே வாட்டிசோனி.

தைத்துசி பல்லைப் பார்த்தார். கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார்.

"எடுங்கப்பா," என்றாள் மெரே. "மாமாவ எவ்வளவு நேரம் காக்க வைப்பீங்க?"

அவள் குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். இல்லை. அவர் எடுத்தார். அவளே போய் டின்னைக் கொண்டுவந்து மாமன் மடியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தைத்துசி வெள்ளைச் சட்டை போட்டார். அந்தப் பல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு கட்டணம் வாங்கும் அலுவலகத்துக்குப் போனார். தன்னை வளைத்தது பல்கலைக்கழகத்தையும் வளைக்கும் என்று நம்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அரியேத்தா, பல்லின் வழக்கம் தெரிந்த தீவுப் பெண்தான். அவர் கண்ணாடிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார். வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

"என்ன மாமா பண்றீங்க? எழுந்திருங்க!"

"மெரேக்கு ஆறு மாசம் தவணை கேட்டு வந்திருக்கேம்மா."

பெரியவர் கீழே இருக்க, தான் மேலே இருக்கலாமா? அரியேத்தா ஓடிவந்து அவளும் தரையில் உட்கார்ந்தாள். கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாமா, இத எங்கிட்ட நீட்டாதீங்க. தொட்டா நான் குடுத்தாகணும். குடுக்குற அதிகாரம் எனக்கில்ல."

"அப்ப உங்க பெரியவங்ககிட்டக் கொண்டுபோறேன்."

"அவங்களுக்கு இது என்னன்னே தெரியாது மாமா. நன்றி சொல்லி வாங்கி, அலமாரியில அழகுக்கு வச்சுக்குவாங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் பல்லைத் திரும்பச் சுற்றிக்கொண்டார். அந்த வருஷம் மெரேயின் பெயர் பதிவாகவில்லை.

கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிய நாளில் மெரே கூலி ஒப்பந்தத்தில் போய் ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தாள். இங்கே பல்கலைக்கழக மைதானம் முழுக்கக் கூடாரம், கருப்பு அங்கி, கழுத்து கொள்ளாத பூமாலைகள். லெப்பானி அன்றைக்குக் கேலி பேசவில்லை.

"நீ பின்பக்கம் போ மச்சான். கூடாரத்துப் பக்கம் நான் பாத்துக்கிறேன்," என்றார்.

அடுத்த மாதம் மெரேயிடமிருந்து பணம் வந்தது. போனிலும் கூப்பிட்டாள்.

"கட்டி முடிச்சுடுங்கப்பா."

"கட்டிட்டா அடுத்த வருஷம் வந்து சேந்துக்கலாம், இல்லம்மா?"



"இன்னும் நாலு வருஷம் இங்க வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்பா. பேர எடுத்துடச் சொல்லி பல்கலைக்கழகத்துக்கும் எழுதிட்டேன். மாமா பிள்ளைங்களும் இப்ப படிக்கணுமில்ல."

"மூணே மூணு பாடந்தானேம்மா…"

"வேதியியல்லாம் மறந்துபோச்சுப்பா," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்த சிரிப்பாக இல்லை.

தைத்துசி பணத்தோடு அரியேத்தாவின் முன்னால் போய் நின்றார்.

"முழுசும் கட்டினா கணக்கு முடிஞ்சிரும் மாமா. அவளே எழுதியிருக்கா, பாருங்க."

"ஒரே ஒரு டாலர் விட்டு வைக்கலாமாம்மா?"

"எதுக்கு மாமா?"

"அவ பேரு இங்கயே இருக்குமில்ல."

அரியேத்தா கணினித் திரையில் கணக்கைப் பார்த்தாள். "இருக்காது மாமா. பாக்கிக்காரங்க பட்டியல்லதான் இருக்கும். வட்டி ஏறும். வசூல் பண்றவங்க அவளத் தேடிப் போவாங்க."

மகளைக் கடன்காரி என்று ஒருவன் தேடிப்போவதா? கையில் பிடித்திருந்த கடைசி டாலரையும் மற்றதோடு சேர்த்து உள்ளே தள்ளினார். அரியேத்தா எதையோ தட்டினாள்.

"இனிமே ஒண்ணுமில்ல மாமா," என்றாள்.