யார் வீட்டுப் பிழை

அந்த அச்சகத்தில் ஒரு எழுத்து தவறினால் போதும், அன்றைக்குச் சண்டைதான். மெய்ப்புப் பார்க்கும் அத்தை முதலாளியின் அக்கா. மெஷின் ஓட்டும் மாமா முதலாளி மனைவியின் தம்பி. "நான் திருத்தித்தான் கொடுத்தேன், இவன் பழைய பிளேட்டைப் போட்டு ஓட்டிட்டான்" என்பாள் அத்தை. "அக்கா, கண்ணாடியைத் துடைச்சு எத்தனை வருஷம் ஆச்சு?" என்பார் மாமா. முதலாளி கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொள்வார். அவர் மனைவி பைண்டிங் மேஜையில் தாளை மடித்துக்கொண்டே இருப்பாள்.

இந்தத் தம்பதியின் ஒரே மகள் கொக்கி. விரல்கள் திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் மாமா வைத்த பெயர். நாக்கில் வெள்ளைப் படலம், நகத்தில் பூஞ்சை, அடிக்கடி சோர்வு. தாள் அடுக்கச் சொன்னால் மட்டும் கை இழுக்கிறதே, எல்லாம் நடிப்பு என்று அத்தை தீர்ப்புச் சொல்லியிருந்தாள். பாதி நாள் அது நடிப்புதான். ஒரு நாள் பசைக் கிண்ணத்தின் மேலேயே வலிப்பு வந்து விழுந்தாள். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி.

ரத்தத்தில் குறைந்திருந்த கால்சியம் மாத்திரையில் ஏறியது, கை இழுப்பது நின்றது. ஆனால் டாக்டர் குடும்பத்தையே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இது ஏர்னு ஒரு ஜீன்ல வர்ற கோளாறா இருக்கும்னு நினைக்கிறேன்."

அத்தைக்கு ரோஷம் வந்தது. "ஏரா? எங்க பரம்பரையில ஏர் பிடிச்சவங்களே கிடையாது டாக்டர். எல்லாரும் பேனா பிடிச்சவங்க."

"அப்ப நாங்க பிடிச்சோமா? எங்கப்பா லாரி டிரைவர்" என்றார் மாமா.

"அது வெறும் பேருங்க" என்றார் டாக்டர். பிறகு தன் நெஞ்செலும்பைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குப் பின்னால ஒரு சுரப்பி இருக்கு. கிருமியோட சண்டை போடுற செல்லுங்க அங்கதான் பழகுது. உடம்போட ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மாதிரியைக் காட்டி, இது நம்ம ஆளு, கடிக்காதேன்னு சொல்லிக் கொடுக்கணும். அந்த மாதிரிகளை எடுத்துக் காட்டுறதுதான் இந்த ஜீனோட வேலை. அப்பவும் கடிக்க வர்ற செல்லை அங்கேயே முடிச்சிடும். இவளுக்கு அந்த வேலை நடக்கல. கழுத்துல கால்சியத்தைப் பார்த்துக்கிற சுரப்பியைக் கடிச்சாச்சு. அடுத்தது சிறுநீரகத்துக்கு மேல இருக்கிறதைக் கடிக்கலாம். அது தெரியாம இருந்தா, ஒரு சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோயிடும்."

அம்மாவின் கை மடியில் இல்லாத தாளை மடித்தது.

"இவ ரத்தத்தை டெஸ்ட் பண்ணினதுல அந்த ஜீன்ல ரெண்டு பிழை தெரிஞ்சது. எல்லாருக்கும் இதுல ரெண்டு பிரதி உண்டு, அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு. பிரதிக்கு ஒரு பிழைன்னா இதுதான் நோய். ரெண்டு பிழையும் ஒரே பிரதியில இருந்தா இன்னொண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம், நான் காரணத்தை வேற எங்கேயாவது தேடணும். அதனால ரெண்டு பேரும் ரத்தம் கொடுங்க."

யாரும் கொடுக்கவில்லை. "நம்ம வீட்டு ரத்தத்துக்கு டெஸ்ட் எதுக்குடா?" என்று அத்தை கேட்டாள், அப்பா அடங்கிவிட்டார். பிழை தன்மேல் வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே என்று அம்மா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். கொக்கிக்குக் காய்ச்சல் என்ற சொல்லே தூக்கத்தைக் கெடுத்தது. அழுது பார்த்தாள். நடிக்கிறாள் என்றார்கள். அப்படியானால் நடித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மெய்ப்பு மேஜைக்குப் போனாள். "அத்தை, மாமா என்ன சொல்றார் தெரியுமா? ரெண்டு பிழையும் உங்க வீட்டுதாம். பெத்த பிள்ளையையே மெய்ப்புப் பார்க்காம வெளியே விட்ட குடும்பமாம்."

அத்தையின் சிவப்புப் பேனா தாளைக் கிழித்தது.

மெஷினிடம் போனாள். "மாமா, ரெண்டுமே உங்க பக்கமாம். உங்க வீட்டு ரத்தத்தை எடுத்தா மைதான் வருமாம். அத்தை சொன்னாங்க."

மாமா மெஷினை நிறுத்தினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தை அப்பாவையும் மாமா அம்மாவையும் ஆளுக்கொரு ஆட்டோவில் ரத்தம் எடுக்கும் இடத்துக்கு இழுத்துப் போயிருந்தார்கள். வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று அங்கேயும் தகராறு.

முடிவு வந்ததும் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். "அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு. நான் நினைச்ச நோய்தான். காய்ச்சல் வந்தா உடனே இந்த மாத்திரையைக் கொடுத்துட்டு இங்க கூட்டிட்டு வரணும்" என்று ஒரு சீட்டைக் காட்டினார்.

அத்தை நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க பக்கம் என்ன பிழை?" என்றாள் அத்தை.

"ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு."

"அவங்க பக்கம்?"

"பதிமூணு எழுத்து விட்டுப் போயிருக்கு."

அத்தை நாற்காலியில் நிமிர்ந்தாள். "பதிமூணு! ஒரு வரியையே முழுங்கியிருக்காங்க. எங்களுது சும்மா ஒரு எழுத்துப்பிழை."

"டாக்டர், அந்த ஒரு எழுத்து மாறினதால என்ன ஆச்சு?" என்று மாமா பணிவாகக் கேட்டார்.

"அந்த இடத்துல முற்றுப்புள்ளி விழுந்துடுச்சு. அதுக்கப்புறம் படிக்க முடியாது."

"கேட்டுக்குங்கக்கா. நாங்க ஒரு வரிதான் விட்டோம், நீங்க பாதிப் புஸ்தகத்தையே முடிச்சுட்டீங்க."

"அடப்பாவி, பெத்த பிள்ளையை மெய்ப்புப் பார்க்காத குடும்பம்னு அன்னைக்குச் சொன்னவன்தானே நீ?"

"நானா? எங்க ரத்தத்துல மை ஓடுதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"நான் எப்படா சொன்னேன்?"

இருவரும் ஒரே நேரத்தில் கொக்கியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பரம்பரைப் புத்தி" என்றாள் கொக்கி. "எந்தப் பக்கத்துதுன்னு மட்டும் டெஸ்ட் எடுத்துடாதீங்க டாக்டர்."

டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. அத்தையும் மாமாவும் வெளியே போய் வராந்தாவில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஒரு எழுத்து பெரிதா, பதின்மூன்று எழுத்து பெரிதா என்று ஒரு நர்ஸையும் பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டார்கள்.

உள்ளே அம்மா டாக்டரிடம் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"காய்ச்சல் வந்தா எந்த மாத்திரைன்னு எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். மெதுவா."

"எனக்கும்" என்றார் அப்பா.