கிணற்றுக்குள் ஒரு பிறைவால்

"மோட்டரைப் போடாதீங்க!"

இன்ஸாப் கத்திய கத்தலில், கிணறு துப்புரவாக்க வந்த நாலு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். கல்முனைக்குடியில் சுனாமிக் கடல் வந்து போய் நாற்பத்தைந்தாவது நாள். அவனுடைய வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் இந்தக் கிணறும்தான் மிச்சம்.

"என்ன காக்கா, ஆரும் ஆள் கிடக்கா உள்ளுக்க?" குழுத் தலைவன் பிரசாந்தின் முகம் வெளிறிவிட்டது. பக்கத்து ஊரான பாண்டிருப்பு ஆள்; முஸ்லிம் அண்ணன்மாரை ஊர் வழக்கில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவான். போன கிழமை ஒரு கிணற்றில் அவன் அப்படித்தான் ஒன்றைக் கண்டிருந்தான்.

"ஆளில்ல தம்பி. மீன்."

"மீனா!" பின்னால் நின்றவன் சிரித்தான். "கடலே வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்கு. காக்கா கிணத்துக்குள்ள மீன் தேடுறார்."

இன்ஸாப் சிரிக்கவில்லை. கீழே, ஒரு துண்டு வெயிலில், விரல் நுனியளவு ஆண் கப்பி மீன் ஒன்று திரும்பியது. செம்மஞ்சள் வால். வாலில் கறுப்பாய் ஒரு மெல்லிய பிறை.

பத்து வருட உழைப்பு அந்தப் பிறை. முட்டையிடாமல் குட்டி போடுகிற மீன் கப்பி. அந்தப் பிறை வாப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போகும். பெட்டையெல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒரு பிறைவால் ஆண் இருந்தால் போதும், எந்தப் பெட்டையோடு விட்டாலும் ஆண் குட்டிகளுக்குப் பிறை வந்துவிடும். ஆண் அறுந்தால் கதை முடிந்தது. ஆயிரம் மகள்மார் இருந்தும் பிரயோசனமில்லை.

பதினெட்டுத் தொட்டியையும் கடல் கொண்டு போனது. மனைவி நஸீறாவையும்.

இது எப்படிக் கிணற்றுக்குள் வந்தது? நிறம் பிசகிய கழிவு மீன்களைத்தான் அவன் கிணற்றில் விடுவான், நுளம்புக் கொசுப் புழுக்களைத் தின்னட்டும் என்று. "கழிசல் மட்டும்தானா எனக்கு?" என்று கேட்பாள் நஸீறா. "தண்ணி அள்ளுறவளுக்கும் ஒரு பிறை தெரிஞ்சா என்ன குறையப் போகுது?"

கடல் வருவதற்கு முதல் நாள் மாலை, இரண்டாம் தொட்டியில் ஒரு பிறைவால் குறைந்தது. "கவனமில்லாம மூடியத் திறந்து பூனைக்குக் குடுத்துட்டியா?" என்று பாய்ந்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு இன்னும் கோபம் ஏற்றியது. விடிய, அவளோடு கதைக்காமலே நிந்தவூருக்கு பஸ் ஏறினான். அதனால்தான் உயிரோடு இருக்கிறான்.

பூனை தின்னவில்லை. இதோ, இருக்கிறது.

"அரை மணித்தியாலம் தாங்க தம்பி."

"இண்டைக்குப் பதினாலு கிணறு காக்கா. இறைச்சு, சேறு அள்ளி, குளோரின் போடணும். பாருங்க."

வேலி நின்ற இடத்தில் பெண்கள் வாளிகளோடு காத்து நின்றார்கள். முன்னால் அஸீஸா ராத்தா. அடுத்த வீட்டு அக்கா. அவள் கையில் இரண்டு வாளி. இரண்டும் காலி. அதுதான் இன்ஸாபுக்குத் தாங்க முடியவில்லை.

"கால் மணித்தியாலம்," என்றான்.

கைவலையைக் கயிற்றில் கட்டி இறக்கினான். முதல் வீச்சில் இரண்டு. பெட்டை. அடுத்ததில் ஒன்று. பெட்டை. இன்னொன்று. அதுவும் சாம்பல். பிறைவால் வலையின் விளிம்பு வரை வந்தது. வந்து, சீமெந்து வளையங்களுக்கு இடையிலிருந்த வெடிப்புக்குள் பூந்தது.

"நேரம் காக்கா."

மோட்டர் உறுமியது. தண்ணீர் இறங்க இறங்க, அவனும் கயிற்றைப் பிடித்து இறங்கினான். இடுப்பளவு. முழங்காலளவு. சேறு. வெறும் கையால் துழாவினான். கடைசியில் உள்ளங்கையில் செம்மஞ்சளாய் ஒன்று மினுங்கியது. மேலே கொண்டுவந்து வாளியில் விட்டான்.

அது மிதந்தது. அசையவில்லை.

"கிடைச்சிச்சா?" என்று கேட்டான் பிரசாந்த். பிறகு வாளிக்குள் பார்த்தான். சேறு அள்ள ஆளை இறக்கினான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கப்பிப் பெட்டை ஆணின் வித்துகளை மாதக்கணக்கில் வயிற்றில் சேமித்து வைக்கும். ஆண் செத்த பிறகும் அதன் பிள்ளைகளைப் பெறும். நாலு பெட்டை இருக்கிறது. வயிற்றில் இருப்பது பிறையின் வித்தா, கழிசலின் வித்தா? அதைச் சொல்ல எவராலும் முடியாது. காத்திருக்கலாம். அவ்வளவுதான் செய்யலாம்.

அகதி முகாமில் அவனுடைய கூடாரத்தில், மூன்று கண்ணாடி பிஸ்கட் போத்தல்களில் நாலு பெட்டை. முகாமுக்கு வருவது பவுசர் லொறித் தண்ணீர், குளோரின் மணக்கும்; மீனுக்கு அது நஞ்சு. அதை ஒரு வாளியில் பிடித்து, குளோரின் பறக்க இரண்டு நாள் வெயிலில் ஆறவைத்துத்தான் மீனுக்கு ஊற்றுவான்.

மாசி முடிவில் குட்டிகள் விழுந்தன. முப்பத்தொன்று. பங்குனியில் பதினொன்று ஆண் என்று தெரிந்தது. சித்திரையில் நிறம் ஏறத் தொடங்கியது. ஒன்றுக்கு நீலப் புள்ளி. ஒன்றுக்கு மஞ்சள் திட்டு. கழிசல். கழிசல். இன்ஸாப் ஒவ்வொரு விடியலும் கண்ணாடியில் மூக்கை வைத்து எண்ணினான். பத்தும் கழிசல்.

"என்ன தம்பி, மாப்பிள்ள பாக்குறீங்களா?" பக்கத்துக் கூடாரத்து அஸீஸா ராத்தா பகிடி பண்ணினாள்.

"ஓம் ராத்தா. ஒருத்தன் இன்னும் முகம் காட்டுறானில்ல."

பதினோராவது, வியாழக்கிழமை முகம் காட்டியது. செம்மஞ்சள் வாலில், மயிரிழை போல, கறுப்பாய் ஒரு வளைவு. அன்று அவன் வயிறாரச் சாப்பிட்டான். கடல் வந்த பிறகு முதல் தடவை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்தான். கூடார வாசலில் அஸீஸா ராத்தா நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

"இஞ்ச வந்து பாருங்க தம்பி! ஊத்தத் தண்ணியெல்லாம் கொட்டிட்டு, பவுசர்ல புதுத்தண்ணி பிடிச்சு நிரப்பிவிட்டன். சந்தோசத்துல எப்புடித் துள்ளுதுகள் எண்டு பாருங்க!"

மூன்று போத்தலிலும் மீன்கள் துள்ளின. கண்ணாடியில் மோதின. மேலே வந்து வாயைப் பிளந்தன.

"அந்த வாளி... வெயில்ல வெச்ச வாளித் தண்ணி எங்க ராத்தா?"

"அதுவா? ரெண்டு நாளாத் தேங்கிக் கிடந்திச்சே. நுளம்பு முட்டை போடும், தண்ணிய தேங்க விடாதீங்க எண்டு நேத்து முகாம் கூட்டத்துல சொன்னாங்கதானே. அதையும் கவிட்டு ஊத்திட்டன்."

இன்ஸாப் பிறைவால் இருந்த போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். பாய்ந்தவன் நின்றான். எந்தப் பக்கம் ஓடுவது? பவுசரில் குளோரின். முகாமின் தண்ணீர்த் தாங்கியில் குளோரின். சுற்றியிருந்த கிணறு எல்லாவற்றிலும் பிரசாந்தின் ஆட்கள் வாராவாரம் கொட்டும் குளோரின். வானத்தில் ஒரு முகில் இல்லை. கடல் முன்னூறு மீட்டர் தூரத்தில் இரைந்தது. கிணற்றில் கலந்த அரை உப்பைக் கப்பி தாங்கும், கடலின் முழு உப்பை இந்தக் குஞ்சு தாங்காது.

போத்தலுக்குள் பிறை ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்ந்தது. மறுபடி சரிந்தது.

அஸீஸா ராத்தா பின்னாலேயே வந்திருந்தாள். பூரிப்பு வடிந்து போயிருந்தது.

"தம்பி... நான் ஏதும் பிழை செஞ்சிட்டனா?"

இன்ஸாப் அவளைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த ஒரு முகம் நினைவில் வந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்ட சொல்லை விழுங்கினான்.

"இல்ல ராத்தா. வெக்கை. வெக்கைக்குத்தான் இப்புடி."

"அப்படியா?" அவளுக்கு உயிர் வந்தது. ஒரு மட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் நெஞ்சோடு அணைத்திருந்த போத்தலுக்கு, கை வலிக்க வலிக்க விசிறத் தொடங்கினாள்.