கேசட் எண் 412

1.

வாசகப் பெருமக்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் எழுத்தாளன் அல்லன். தமிழில் முதுகலை படித்தவன்; படித்தவன் எழுதலாம் என்னும் துணிச்சல் எனக்கு இதுவரை வந்ததில்லை. நான் எழுதி வெளியானவை அனைத்தும், திருவண்ணாமலையில் நான் பணிபுரியும் தொலைக்காட்சி நிறுவனத்தின் அறிவிப்புகளும் நன்றிக் கடிதங்களும்தாம். இக்கதையும் அப்படியொரு கடிதமாகவே தொடங்கியது.

நிறுவனத்திற்கு இவ்வாண்டு வெள்ளி விழா. நிறுவனர் தசரதன் ஐயா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகனும் இன்றைய உரிமையாளருமான செழியன் அவர்கள் என்னை அழைத்துச் சொன்னார்:

"அறிவு, அப்பா இன்னிக்கு இருந்தா கம்பெனியப் பாத்து என்ன சொல்லுவாரு? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கண்ணுல தண்ணி வரணும். ஜாஸ்தி வேணாம், கடைசிப் பத்தியில வந்தா போதும்."

அந்த இரண்டு பக்கங்களையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். விழா மலரில் அச்சாகியும் விட்டன. அவற்றில் எழுதாமல் விட்டதே இது.

2.

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன். அழித்தவற்றை மறைப்பது நேர்மையாகாது என்பதால் இங்கேயே வைக்கிறேன்.

அ) பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டை அணிந்த முதியவர் ஒருவர் நம் நிறுவனத்தின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். அவர் கண்களில் —

(விட்டுவிட்டேன். இறந்தவர் திரும்பி வருவதைப் பற்றி நான் ஏற்கெனவே மாதம் இருமுறை எழுதுகிறேன். 'மலை உச்சியில் நேற்றுத் தெரிந்த உருவம் யாருடையது? கடைசிவரை பாருங்கள்' என்பது போன்ற யூடியூப் தலைப்புகள் என்னுடையவை. அடியேன் படித்த இலக்கணம் அவற்றில் வீணாகவில்லை. ஒற்றுப் பிழை ஒன்றுகூட இராது.)

ஆ) தசரதன் ஒரு மாமனிதர்.

(இதற்கு மேல் நகரவில்லை.)

இ) கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி, கையில் கல்யாணப் பத்திரிகையோடு, கன்னியம்மாள் என்ற பெண்மணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

இதுவே சரியான தொடக்கம். தாமதமாகக் கண்டுகொண்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

3.

"இது தசரதன் சார் டிவிதானே? தேரடித் தெருவுல இருந்துச்சே."

"ஆமாங்கம்மா. போன வருஷம் வேங்கிக்கால் வந்துட்டோம்."

"சார் இருக்காரா?"

"அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆச்சுங்க."

"அடடா." பத்திரிகையை மேசைமேல் வைத்தார். "அப்ப உங்ககிட்டதான் கேக்கணும். எம் பொண்ணு சினேகாவுக்குக் கல்யாணம். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நலங்கு. அவ அப்பா பேசின கேசட்டு உங்ககிட்ட இருக்கு. அத அன்னிக்கு வீட்டு டிவில போட்டுக் காட்டணும்."

அவருடைய கணவர் திருமலை இருபது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனவர். இறப்பதற்கு ஓராண்டு முன்பு, நிலக்கடலை (எங்கள் பக்கத்தில் மல்லாட்டை) அறுவடையின்போது, தசரதன் ஐயா கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கொல்லைக்குப் போயிருக்கிறார். திருமலை பேசியது அன்று மாலையே உள்ளூர்ச் சேனலில் ஒளிபரப்பாகியிருக்கிறது.

"மல்லாட்டை வெலையப் பத்திப் பேசினாரு. இவ ஒரு வயசுக் கொழந்த, என் இடுப்புல இருந்தா. நடுவுல அழுதுட்டா. 'இரும்மா, அப்பா பேசிட்டு வந்துடறேன்'னு அவகிட்டயும் ஒரு பேச்சு பேசினாரு. அத வெட்டாம அப்படியே போட்டாங்க. ஊரே சிரிச்சுது."

"அப்பவே ஒரு பிரதி வாங்கி வெச்சிருக்கலாமேம்மா?"

"எங்க வூட்ல ஏது சார் வீடியோ டெக்கு? நீங்களே வெச்சிருங்கன்னேன். 'எப்ப வேணும்னாலும் வாங்கம்மா, இருக்கும்'னாரு. அவ அப்பா கொரலு எப்படி இருக்கும்னு கேட்டுக்கேட்டே வளந்தா சார். நான் என்னத்த பேசிக் காட்டறது?"

தேடி எடுத்துத் தருகிறேன் என்று வாக்களித்தேன். உறுதியாகவே வாக்களித்தேன். நலங்குக்கு ஒன்பது நாள்கள் இருந்தன.

4.

இங்கே என் கதைமாந்தர் ஒருவர்மீது ஐயம் எழுப்ப அனுமதி வேண்டுகிறேன். தசரதன் ஐயாவை நான் நேரில் கண்டதில்லை. அவர் மறைந்த பிறகு பணியில் சேர்ந்தவன். எல்லாரும் அவரை நல்லவர் என்கிறார்கள். நல்லவர்தாம். கட்சிக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் காத்திருக்க, பள்ளி ஆண்டு விழாக்களைப் படம் பிடித்தவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், இறந்தவர் எந்த நாடாவிலாவது நடமாடியிருந்தால், கருமாதிக்குள் அதைப் பிரதியெடுத்துக் கொடுத்தவர். சுற்றுவட்டாரத்தில் அதுவே ஒரு வழக்கமாக இருந்ததாம்: சாவு வீட்டிலிருந்து ஓர் ஆள் மேளத்துக்குப் போனால், மற்றோர் ஆள் தேரடித் தெருவுக்கு வருவார்.

ஆனால் புது நாடா வாங்க மாட்டார். மூடிப்போன வாடகை வீடியோ கடைகளிலிருந்து பழைய திரைப்பட நாடாக்களை மூட்டையாக எடுத்துவந்து, அவற்றின்மேலேயே பதிவு செய்வார். மேலே ஒட்டியிருந்த படப் பெயரைக் கிழிக்கவும் மாட்டார். முதுகில் பென்சிலால் ஓர் எண் மட்டும் எழுதுவார். எந்த எண்ணில் எந்த ஊர் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை, தாமே இருக்கப் போகிறோமே என்று எண்ணியிருப்பார் போலும்.

இதை நான் இறந்தவர்மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. (அதற்காகவும்தான் எழுதுகிறேன். என் பங்கு அடுத்த பகுதியில் வருகிறது; அதற்குமுன் துணைக்கு ஒருவர் தேவைப்பட்டார்.)

5.

அலுவலகத்தில் எங்கு தேடியும் கிடைக்காததால், தசரதன் ஐயாவின் துணைவியார் சந்திரம்மாள் அம்மையாரின் வீட்டுக்குச் சென்றேன். ஊர் நாடாக்களை ஐயா வீட்டில் வைத்திருக்கக்கூடும் என்று நம்பினேன்.

"கேசட்டு எல்லாம் ஆபீசுலதான். இங்க நோட்டு மட்டும் இருக்கு" என்றார். அலமாரியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். பக்கத்திற்கு இரண்டு பத்திகள். இடப்பக்கம் எண்ணும் திரைப்படப் பெயரும். வலப்பக்கம் உண்மையில் உள்ளே இருப்பது.

412. பக்திப் படம். — கீழ்பென்னாத்தூர், திருமலை, மல்லாட்டை, 11 நிமிஷம்.

நான் நாற்காலியில் அமர்ந்தேன். அமரச் சொல்லும் முன்பே அமர்ந்தது என் வாழ்வில் அதுவே முதல் முறை.

சென்ற ஆண்டு அலுவலகம் மாறியபோது, பழைய கிடங்கைக் காலி செய்யும் பட்டியலை எழுதியவன் நான். 'பயன்பாட்டில் இல்லாத பழைய திரைப்பட வீடியோ கேசட்டுகள் — 1,140. தங்கள் மேலான ஒப்புதலின்பேரில் கழித்துவிடலாம் எனப் பணிவுடன் பரிந்துரைக்கிறேன்.' முதுகில் இருந்த பென்சில் எண்களைப் பார்த்தேன். வாடகைக் கடையின் எண்கள் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு நாடாவைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. செழியன் அவர்கள் படிக்காமலே கையொப்பமிட்டார். அக்கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

"நோட்டு இருக்குனு யாரும் கேக்கலியே" என்றார் சந்திரம்மாள் அம்மையார். "நீங்க எல்லாம் படிச்சவங்க, தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்."

அவற்றை எடைக்கு எடுத்த காயலான் கடைக்காரர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "மேலோட்டைப் பிரிச்சு பிளாஸ்டிக்க அரைச்சாச்சு சார். உள்ள இருந்த ரீல எவன் வாங்குவான்? கொளுத்திட்டோம். ரெண்டு நாள் எரிஞ்சுது."

6.

நலங்குக்கு மூன்று நாள்கள் இருக்கையில் கன்னியம்மாள் மறுபடி வந்தார். நாடா இனிக் கிடைக்காது என்பதைச் சுற்றிவளைத்துச் சொன்னேன். செழியன் அவர்களும் இருந்தார். அவர் கல்மனம் கொண்டவர் அல்லர், உண்மையிலேயே வருந்தினார்.

"வருத்தப்படாதீங்கம்மா. இப்ப ஏஐனு ஒண்ணு வந்திருக்கு. எங்க அப்பா கொரலையே விழாவுக்கு அதுல ரெடி பண்ணிட்டோம். அவரே வாழ்த்திப் பேசுறாப்ல இருக்கும். உங்க வீட்டுக்காரர் கொரல் கொஞ்சம், ஒரு அர நிமிஷம் இருந்தா குடுங்க, செஞ்சுடலாம்."

கன்னியம்மாள் அவரையே பார்த்தார்.

"அந்த அர நிமிஷத்தத் தேடித்தானே சார் ரெண்டு வாட்டி வந்தேன்."

"சரி, வேற யாராவது கிராமத்து ஆள் கொரல்ல —"

"வேற ஆம்பள கொரல்ல எம் பொண்ண 'அம்மா'னு கூப்பிடச் சொல்றீங்களா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். நீண்ட, இலக்கணச் சுத்தமான மன்னிப்பு. அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"நீங்க எதுக்கு சார் இவ்ளோ பேசறீங்க? இல்லன்னா இல்லனு சொன்னா போதும். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்னு அத மட்டும் சொல்லுங்க."



7.

விழா மலரில் என் தசரதன் ஐயா, "என் கனவு உங்கள் கைகளில் வளர்ந்திருக்கிறது" என்கிறார். விழா அன்று அவருடைய குரலிலேயே அதை ஒலிபரப்பினார்கள். முன்வரிசையில் பலரும் கண்ணைத் துடைத்தனர், கடைசிப் பத்தியில். சந்திரம்மாள் அம்மையார் மட்டும் என் பக்கம் திரும்பி, "அவரு இப்படி எல்லாம் பேச மாட்டாரே, தம்பி" என்றார்.

வேறு முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் அவர் சினம் கொண்டு பெயர்ப்பலகையைக் கழற்றுகிறார். அது திரைப்படம், நாடாக்களின் மேலே ஒட்டியிருந்த படப் பெயரைப் போல. மற்றொன்றில் அவர் எங்கள் கண்ணாடி அலுவலகத்துக்குள் வந்து, புது ஸ்டூடியோவைப் பார்க்காமல், பார்வையாளர் எண்ணிக்கையைக் கேட்காமல், என் மேசைமுன் நின்று, "நானூத்திப் பன்னண்ட எடுங்க. கீழ்பென்னாத்தூர் அம்மா வந்திருக்காங்க" என்கிறார். அதன் பிறகு நான் என்ன சொல்கிறேன் என்பதை —

(அவ்வாக்கியத்தை முடிக்கும் தகுதி எனக்கில்லை. வாசகர் விரும்பினால் முடித்துக்கொள்ளலாம். என்னிடம் காட்ட வேண்டா.)

நோட்டின்படி இழந்தவற்றை மட்டும் குறிக்கிறேன்.

மொத்தம் 1,140 நாடாக்கள். உண்மையிலேயே உள்ளே திரைப்படம் இருந்தவை 26.

பள்ளி ஆண்டு விழாக்கள் 318.

கோயில், திருவிழா, தேர் 274.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு 203.

கபடி, மாட்டுப் பொங்கல் விளையாட்டுகள் 91.

கொல்லையிலும் சந்தையிலும் ஆள்கள் பேசியவை 228. அவர்களுள் இன்று உயிரோடு இல்லாதவர்கள்: சந்திரம்மாள் அம்மையார் பெயர் பெயராகச் சொல்லி நூற்று ஆறு வரை எண்ணினார், பிறகு நோட்டை மூடிவிட்டார்.

கேசட் எண் 412: பதினொரு நிமிடம். அதில் இடுப்பிலிருந்த குழந்தையிடம் பேசியது, ஒரு வாக்கியம்.