கேமராவும் போர்வையும்

எனக்கு வலிப்பு வருவதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கூடப் படித்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் கூடி நின்று பார்த்திருக்கிறார்கள். எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. கொஞ்ச நேரம் எதுவுமே இருக்காது. பிறகு வாயில் ரத்த ருசி இருக்கும், அம்மா என் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருப்பாள்.

வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. "அது" என்போம். அப்பா இறந்த பிறகு வலியசாலை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் "அஞ்சு, அது வந்துச்சா?" என்று கேட்பாள். என் அம்மா சரஸ்வதியம்மாள் மூடுவதில் மகா கெட்டிக்காரி. வீட்டில் என்றால் போர்வை, பஸ்ஸில் என்றால் சேலைத் தலைப்பு. நாகர்கோவிலில் சித்தி மகள் கல்யாணத்தில் மண்டபத்து ஜமுக்காளத்தையே இழுத்து மூடிவிட்டாள். சமையல்காரர் ஏதோ மூட்டை கிடக்கிறது என்று என்னைத் தாண்டிப் போனாராம். இதை அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்வாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. ஸ்கேனில் மூளை பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் டாக்டர் ஆன்சன் தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களுக்கு வலிப்பு மூளையில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை அது. மாத்திரையைக் குறைத்து, வலிப்பை வரவழைத்து, அதைப் படம் பிடிப்பார்கள். தலையில் ஒட்டிய வயர்கள் சொல்வதும் கேமரா காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கினால் அந்த இடத்தை அறுத்து எடுத்துவிடலாம், வலிப்பு நின்றுபோகக்கூடும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் கத்தி வைக்க முடியாது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு குளிக்க வேண்டும். தனியாக பஸ் ஏறி சங்குமுகம் போய் வர வேண்டும். அம்மாவின் கணக்கு வேறு. கோட்டாறிலிருந்து வந்த சம்பந்தம் ஒன்று பாதிப் பேச்சில் நின்றுகொண்டிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மாப்பிள்ளை வீட்டில் எதையும் சொல்லவே வேண்டாம், தழும்பை முடி மூடிவிடும் என்றாள்.

எதிர்வீட்டு சூடாமணி மாமியிடம் குருவாயூரில் பஜனம் இருக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பஜனம் என்றால் கோயிலிலேயே சில நாள் தங்குவது. எத்தனை நாள் என்று யாரும் துருவ மாட்டார்கள். சாமியைச் சாட்சிக்கு இழுத்தால் பொய்க்குக் கேள்வி கிடையாது.

ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் ராஜஸ்ரீ என் தலை முழுக்கப் பசை தடவி வயர்களை ஒட்டி, மேலே துணிக்கட்டுப் போட்டாள். கட்டிலுக்கு நேர் மேலே கேமரா இருந்தது. பைஸ்டாண்டர் என்று கூட இருப்பவர்களைச் சொல்வார்கள். அந்தப் பதவியில் அமர்ந்த அம்மாவின் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். வலிப்பு தொடங்கினால் பட்டனை அமுக்க வேண்டும், நோயாளியை மறைக்கக் கூடாது. அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலத் தலையாட்டினாள்.

முதல் வலிப்பு வந்துபோனது. நான் கண் விழித்தபோது ராஜஸ்ரீ இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மே, இத்தற பறஞ்சிட்டும் மூடிக் களஞ்ஞல்லோ!" இவ்வளவு சொல்லியும் மூடிவிட்டீர்களே என்கிறாள்.

"குளிருமேன்னு போத்துனேன் மக்ளே," என்றாள் அம்மா. ஏசி ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பொய்க்கு ஒரு மரியாதை இருந்தது.

ராஜஸ்ரீ போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வலிப்புக்கு அம்மா தன் சேலைத் தலைப்பை உருவிப் போர்த்தி, போதாததற்கு மேலே கவிழ்ந்தும் படுத்துக்கொண்டாள். டாக்டர் ஆன்சன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் கட்டில் இன்னும் சில நாட்களுக்குத்தான், அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று மலையாளத்தில் மெல்லச் சொன்னார். பிறகு அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்.

முதல்முதலாக என்னைப் பார்க்கப் போகிறேன் என்று திரைக்கு நெருக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். திரையில் நானில்லை. அம்மாவின் முதுகும், அதற்குக் கீழே குலுங்குகிற இரண்டு பாதங்களும்தான் இருந்தன. பக்கவாட்டில் திரும்பியிருந்த அம்மாவின் முகம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷமும் நான் கீழே கிடக்கும்போது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! அறைக்கு வந்ததும் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"நான் செத்தாலும் நீ வாசலத்தான் பாப்ப. எவனாவது வாறானான்னு பாத்துட்டு அதுக்கப்புறந்தான் அழுவ."

"என்னட்டி பேசுக?" என்றாள் அம்மா. "பிள்ளைக்கு முட்டுக்கு மேல துணி ஏறிப்போச்சு. அங்க கேமராவுல எவனோ பாத்துட்டு இருக்கான். பெத்தவ நான் சும்மா இருக்கணுமாக்கும்?"

"நாளைக்கும் எனக்கு இதேதான். நாளை மறுநாளும் இதேதான். உனக்குக் கோட்டாறு மாப்பிள்ளதான் பெருசு. வீட்டுக்குப் போ. நீ இங்க இருக்காண்டாம்."

அம்மா பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பி, "கொஞ்சம் கஞ்சியாவது குடி," என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அப்போது அவள் மேல் வெறுப்பைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

ராஜஸ்ரீ ஏற்பாடு செய்து அம்மிணி என்கிற ஹோம் நர்ஸ் பைஸ்டாண்டராக வந்தாள். அலட்டிக்கொள்ளாத பெண். என்னை ஒரு வேலையாகத்தான் பார்த்தாள், அது எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்டிலில் போர்வை இல்லை, துண்டு இல்லை, அறையில் எங்கேயும் சேலையும் இல்லை. அம்மிணி போட்டிருந்தது சுடிதார், துப்பட்டாவைக்கூட வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். மாத்திரையை இன்னும் குறைத்தார்கள். இந்தமுறை தெரிந்துவிடும், எந்த இடம் என்று தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன்.

வந்தது. வந்தது நிற்கவில்லை. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது பிடித்திருக்கிறது. கண் திறந்தபோது ஐசியுவில் இருந்தேன். தொண்டையில் குழாய் போட்டு எடுத்த புண் இருந்தது, நாக்கு இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. கட்டிலருகே அம்மா இருந்தாள். ராஜஸ்ரீதான் ஃபோன் செய்து வரவழைத்தாளாம். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

உட்கார முடிந்ததும் டாக்டர் ஆன்சன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எதையும் சுற்றி வளைக்கவில்லை. பதிவு தெளிவாகக் கிடைத்திருக்கிறது. முதலில் வந்தது வலப்பக்க மூளையிலிருந்து, அடுத்தது இடப்பக்கத்திலிருந்து. பழைய இரண்டையும் மறுபடி பார்த்துவிட்டார்கள், வயர்களில் அவையும் அப்படித்தான், ஒன்று அங்கே ஒன்று இங்கே. ஆபரேஷன் முடியாது. மாத்திரையைத் தொடருங்கள், இந்தப் பதிவு ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி என்றார். நல்ல மனிதர். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆக, அம்மா போர்த்தியிருந்தாலும் போர்த்தாமல் இருந்தாலும் முடிவு இதுதான். நான் கத்தியதெல்லாம் வீண்.

"எனக்கு அதைப் பாக்கணும்," என்றேன். டாக்டர் ராஜஸ்ரீயிடம் தலையசைத்தார்.

திரையில் நான் மல்லாந்து படுத்திருந்தேன். தலைக்கட்டோடு, நீல கவுனில், ஒன்றும் மூடாமல். முகத்தில் சட்டென்று யாரும் இல்லாமல் போய்விட்டார்கள். அதுதான் தொடக்கம் என்றாள் ராஜஸ்ரீ. உதடு எதையோ சப்புக்கொட்டியது. இடது கை விறைத்துக் கோணிக்கொண்டது. வலது கை மட்டும் தொடைப் பக்கம் போய் எதையோ தேடியது. பிடித்தது. மார்புக்கு இழுத்தது, கழுத்துக்கு இழுத்தது, முகத்துக்கு மேலே இழுத்தது. கையில் ஒன்றுமே இல்லை. மறுபடியும் தொடைப் பக்கம் போய், பிடித்து, இழுத்தது. உடம்பு குலுங்கத் தொடங்கும்வரை அந்தக் கை நிறுத்தவே இல்லை.

சிலருக்குக் கை தானாக இப்படிச் செய்யும், அவர்களுக்கே தெரியாது என்று டாக்டர் விளக்கினார்.

"அது என்னத்த இழுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"போர்வைய," என்றேன்.

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்தமுறை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையில் மூக்கு ஒழுகியது. துடைக்கத் தலைப்பை எடுத்தவள், அதைக் கையில் பார்த்ததும் கீழே விட்டுவிட்டாள். "நாந்தான் மக்ளே," என்றாள். "நாந்தான் படிச்சுக் கொடுத்தேன்." நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். வேறு எங்கே போய்ச் சாய?

டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவில் வீடு திரும்பினோம். பசை போகாமல் முடியை அங்கங்கே வெட்டியிருந்தார்கள். வழியெல்லாம் அம்மா என் கையைப் பிடித்தபடி இருந்தாள். "இனி யாருட்டயும் மறைக்காண்டாம்," என்றாள். "கோட்டாத்துக்கும் நானே ஃபோன் பண்ணிச் சொல்லிருதேன். வந்தா வரட்டும், போனா போகட்டும்." என் அம்மாவா பேசுகிறாள் என்று இருந்தது. வாழ்நாளில் அவள் பேசிய பேச்சிலேயே பெரிய பேச்சு அது.

தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டிலிருந்து சூடாமணி மாமி வந்துவிட்டாள்.

"வாங்கோ வாங்கோ, பஜனம் நன்னா ஆச்சா? பொண்ணு ஏன் இப்படித் துரும்பா இளைச்சிருக்கா? களபச் சந்தனம் எங்கே, எனக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சேளோ?"

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். "மாமி," என்று தொடங்கினாள், "நாங்க குருவாயூருக்குப் போகல. அஞ்சுவுக்கு..."

என் வலது கை அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தது.

"களபத்தைப் பஸ்ஸிலயே மறந்து வெச்சுட்டோம் மாமி," என்றேன். "நல்ல தரிசனம். கூட்டம்தான் தாங்கல."